50 ஒருநாள் கோழிக் குஞ்சுக்கு புரூடர் (சூட்டு அடைப்பு): பெட்டியா, வட்டத் தட்டியா? (மாரி காலம்)

நீலாவணைத் தோட்டம்

கார்த்திகை நடுவில 50 ஒருநாள் குஞ்சு வருது, முட்டை இனம். வைக்கிற இடம் வீட்டோட சேர்ந்த தகரக் கூரைச் சாய்ப்பு, 10க்கு 8 அடி. நிலம் சீமெந்து. கடல் பக்கம் அரைச் சுவர், அதுக்கு மேல கம்பிவலை. கறண்ட் இருக்கு, மழைக்கு அடிக்கடி நிக்கும்.

மீன் வாற பெரிய ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி ரெண்டு கையில கிடக்கு. நடுச்சுவரை வெட்டி ஒட்டி, மேல 250 வோட் சிவப்பு பல்ப் ஒண்டு தொங்கவிட்டா சரிவருமா? சூடு வெளியே போகாது என்டதுதான் என்ட யோசனை. இல்லாட்டி பலகைப் பெட்டி அடிக்கிறதா? அளவோட சொல்லுங்க.

படுவான்கரையான்

ரெஜிபோம் வேண்டாம். குஞ்சு முதல் நாளே சுவரைக் கொத்தத் தொடங்கும், வெள்ளை மணி மணியா உதிரும், அதை விழுங்கும். பல்ப் கொஞ்சம் பக்கமாச் சாய்ஞ்சாலே உருகும், பிறகு பிடிக்கும். அதை விடப் பெரிய பிரச்சினை, சூடு வெளியே போகாது என்டதுதான். எங்கட பக்கம் மாரியிலயும் இரவு 23, 24 பாகைக்குக் கீழ இறங்குறது குறைவு. இதில மூடின பெட்டிக்குள்ள 250 வோட்டைப் போட்டா குஞ்சுக்கு ஒதுங்க இடமில்ல. ஒதுங்க இடமில்லாத குஞ்சு வாயைத் திறந்து இளைச்சு இளைச்சே சாகும்.

பலகைப் பெட்டியும் 50க்கு நான் சொல்லமாட்டன். 15, 20 குஞ்சுக்கு அது நல்லம். எண்ணிக்கை கூடினா மூலைதான் வில்லங்கம். கறண்ட் போன உடனே எல்லாம் ஒரு மூலையில ஒண்டுக்கு மேல ஒண்டா ஏறும், விடிய அடியில கிடக்குறது தட்டையாக் கிடக்கும். வட்டமா இருந்தா அடைய மூலை இல்ல.

8க்கு 4 அடி ஹாட்போட் (அழுத்தின மரநார்ப் பலகை) ஒண்டு வாங்குங்க, 3 மில்லிமீற்றர் தடிப்பு. நீளப் பக்கமா 16 அங்குலம் அகலத்தில மூண்டு கீலமா வெட்டுங்க. ஒரு தகடு சரியா முடியும், கழிவில்ல.

முதல் கிழமைக்கு ரெண்டு கீலம். மூட்டு ரெண்டிலயும் அரை அடி ஒண்டுக்கு மேல ஒண்டு வந்தா சுத்தளவு 15 அடி. குறுக்கு ஏறக்குறைய 4 அடி 9 அங்குலம், பரப்பு 18 சதுர அடிக்குக் கிட்ட. குஞ்சுக்கு மூண்டிலொரு சதுர அடி வரும், முதல் கிழமைக்குத் தாராளம். 8ம் நாளுக்குப் பிறகு மூண்டாவது கீலத்தையும் சேர்த்தா சுத்தளவு 22 அரை, பரப்பு 40 சதுர அடி. உங்கட சாய்ப்பு 8 அடி அகலம், வட்டம் 7 அடி சொச்சம், மட்டு மட்டா அடங்கும்.

மூட்டை ஆணி அடிக்காதீங்க. உடுப்புக் கிளிப் மேல ஒண்டு கீழ ஒண்டு, இல்லாட்டி சின்னத் துளை போட்டு பைண்டிங் கம்பி. கம்பி நுனி வெளிப்பக்கம் மடங்கவேணும். ஹாட்போட்டின் கீழ் விளிம்பு ஈரம் குடிச்சு ஊதும், அதால கீழ் 3 அங்குலத்துக்கு மிச்சக் கிடக்குற எனாமல் பெயின்ற் ஒரு பூச்சு, குஞ்சு வர ஒரு கிழமைக்கு முந்தியே அடிச்சுக் காயவிடுங்க. வாசம் போகாம குஞ்சை விடக்கூடாது.

சம்மாந்துறை உமி

தட்டிக்கு ஹாட்போட்தான் வேணும் என்டில்ல. பன்பாயை நிமிர்த்திக் கட்டினாலும் முதல் ரெண்டு கிழமை ஓடும், காத்தும் மறிக்கும். ஒரே குறை, கழுவ ஏலாது. அடுத்த தொகுதிக்கு அதையே பாவிக்கக்கூடாது, எரிச்சிரணும்.

பல்ப் கதைக்கு வாறன். 50 குஞ்சுக்கு 250 கூட. குஞ்சுக்கு 2 வோட் கணக்கு, மாரி இரவுக்குக் கொஞ்சம் கூட்டி வச்சா 60 வோட் குண்டு பல்ப் ரெண்டு. ஒரு 100 போடாம ரெண்டு 60 போடச் சொல்றது ஏன் என்டா, இரவு 2 மணிக்கு ஒண்டு பியூஸ் போனாலும் மற்றது விடியுமட்டும் தாக்குப்பிடிக்கும். பகல்ல வெயில் ஏறினா ஒண்டை நிப்பாட்டலாம். அதால ரெண்டுக்கும் வேற வேற சுவிச்.

எல்.இ.டி. பல்ப் வேலைக்கு உதவாது, வெளிச்சம் வரும், சூடு வராது. கேட்டா சிரிப்பீங்க, ஆனா "பல்ப் எரியுது, குஞ்சு ஏன் குமியுது" என்டு கேக்குற ஆக்கள் இருக்காங்க.

மேல ஒரு குடை வேணும். ஓட்டை விழுந்த அலுமினியப் பேசின், 18 அங்குல அகலம் வந்தா நல்லம், கவுத்து வச்சு நடுவில துளை. பல்ப் ரெண்டும் அதுக்குள்ள. பல்ப்பின் அடி உமியிலிருந்து 12 அங்குலம். கிழமைக்கு 2, 3 அங்குலம் உயர்த்தணும்.

ஏறாவூர் வயரிங்

சம்மாந்துறைக் காக்கா (அண்ணன்) சொன்னதோட இதையும் சேருங்க.

ஹோல்டர் பீங்கான்தான். பிளாஸ்டிக் ஹோல்டர் குடைக்குள்ள கவுந்து கிடக்கும்போது சூடு மேல ஏறி, ரெண்டு மூண்டு நாளில நொறுங்கும், பல்ப் கழண்டு உமிக்குள்ள விழும். உமி உடனே சுவாலை விடாது, உள்ளுக்குள்ள கனிஞ்சு கிடந்து பிறகு பிடிக்கும்.

குடையை வயரில தொங்கவிடக்கூடாது. கைமரத்திலிருந்து சங்கிலி, கீழ எஸ் கொக்கி. உயர்த்துறதுக்குக் கண்ணி மாத்தினாப் போதும். சங்கிலிக்குப் பக்கத்தில தனியா ஒரு பைண்டிங் கம்பியும் தளர்வா கட்டிவிடுங்க, கொக்கி வழுக்கினா அது பிடிக்கும். குடைக்குக் கீழ 1 அங்குலக் கண் கம்பிவலை ஒரு துண்டு கட்டினா, பல்ப் கழண்டாலும் குஞ்சுக்கு மேல விழாது.

சூட்டுக் கட்டுப்பாட்டுக் கருவி வேணுமென்டா எஸ்.ரி.சி. 1000 மாதிரி 230 வோல்ற்றில நேரா ஓடுறது ஒண்டு போதும். 10 அம்பியர் தாங்கும், உங்கட 120 வோட் அதுக்கு ஒண்டுமில்ல. சூடாக்கும் பக்கத் தொடுப்பில குடுங்க, குளிராக்கும் பக்கம் குடுத்தா தலைகீழா வேலை செய்யும். 33 வையுங்க, வித்தியாசம் 1 பாகை. இனி, பிழை வாற இடம் ரெண்டு.

ஒண்டு, சென்சர் மணியை பல்ப்புக்கு நேர கீழ வைக்கிறது. பல்ப் வெளிச்சமே அதைச் சுடும். காத்து 28இல நிக்க அது 34 காட்டும். குடை விளிம்புக்கு நேரா, உமியிலிருந்து 2 அங்குலம் மேல, அதாவது குஞ்சின் முதுகு உயரத்தில கட்டுங்க.

மற்றது இன்னும் மோசம். குஞ்சு இழுத்து, இல்லாட்டி ஆள் கால் தட்டி, சென்சர் தட்டிக்கு வெளியே போகும். வெளியே 25 பாகை. கருவி பல்ப்பை நிப்பாட்டவே மாட்டாது. வயரை ரெண்டு இடத்தில தட்டியோட கட்டுங்க.

இன்னொண்டு. கருவி பல்ப்பை அணைக்குற நேரமெல்லாம் இருட்டு வரும், குஞ்சு பதறும். கருவி போட்டா 3 வோட் எல்.இ.டி. ஒண்டு எப்பவும் எரியட்டும். இல்லாட்டி வெளிச்சம் தராத பீங்கான் ஹீற்றர், 100 வோட், ஊர்வன வளர்க்குறவங்க பாவிக்குறது. விலை கூட, ஆனா கன தொகுதிக்கு வரும்.

நீலாவணைத் தோட்டம்

விளங்குது. அப்ப தட்டிதான். கறண்ட் போனா என்ன செய்றது? போன மாரியில ஒருக்கா போனா நாலு மணித்தியாலம், அஞ்சு மணித்தியாலம்.

வாகரை 7

சிரட்டைக் கரியை மண்சட்டியில போட்டு நடுவில வைங்க. காலங்காலமா செய்றதுதான். புகை வராம கனல் மட்டும் கிடந்தா ஒரு ஆபத்தும் இல்ல. பக்கத்தை மூடிவிட்டா சூடு நிக்கும்.

திருக்கோவில் கோழிப்பண்ணை

தம்பி, கரி வைக்கிறது சரி. "புகை வராட்டி ஆபத்தில்ல", "பக்கத்தை மூடுங்க" ரெண்டும் பிழை. கனல்ல இருந்து வாற காபனோரொட்சைட்டு என்ட நச்சு வாயுவுக்கு நிறமுமில்ல மணமுமில்ல. புகை நிண்ட பிறகும் வந்துகொண்டே இருக்கும். மூடின இடத்தில குஞ்சு கத்தாம, துடிக்காம, தூங்குற மாதிரியே சாகும். பார்க்கப் போற ஆளும் அதுக்குள்ள இருந்து கண்ணயரக்கூடாது.

கரி வைக்கிறதென்டா, சட்டியை வெளியே வச்சுப் பத்தி, சுவாலை முழுக்க அடங்கி மேல சாம்பல் படிஞ்ச பிறகு உள்ள கொண்டுவாங்க. சட்டிக்குக் கீழ ரெண்டு செங்கல். மேல துளை போட்ட இன்னொரு சட்டி கவுத்து. சுத்தி ஒரு சாண் தள்ளிக் கம்பிவலை, குஞ்சு அண்டக்கூடாது. காத்து மறிக்கிற படங்கை (தார்ப்பாய்) கீழ இருந்து கட்டுங்க, மேல ஒரு அடி எப்பவும் திறந்து கிடக்கவேணும். வாடைக் காத்து வடக்குலயும் கடல் பக்கத்திலயும் இருந்து வரும், அந்த ரெண்டு பக்கமும்தான் படங்கு. மற்றப் பக்கம் மூடத் தேவையில்ல.

50 குஞ்சுக்கு நாலு மணித்தியாலம் என்டா கரியே தேவைப்படாது. மூடி இறுக்கமான அலுமினியக் குடம் அல்லது பானை ரெண்டில கொதிநீர், ஈரமில்லாத சாக்கால சுத்தி, குடைக்குக் கீழ வையுங்க. ரெண்டு மூண்டு மணித்தியாலம் நிக்கும், பிறகு மாத்துங்க. பிளாஸ்டிக் போத்தல் என்டா கொதிக்கக் கொதிக்க ஊத்தாதீங்க, நெளிஞ்சு மூடி கசியும். குஞ்சு நனைஞ்சா கதை முடிஞ்சது. இளஞ்சூட்டை விடக் கொஞ்சம் கூட, கை வைச்சா உடனே எடுக்குற அளவு போதும்.

ஏறாவூர் வயரிங்

பற்றரி இருக்குறவங்களுக்கு: 60 அம்பியர் மணித்தியாலக் கார் பற்றரியைப் பாதிக்கு மேல இறக்கக்கூடாது. அப்ப கையில 360 வோட் மணித்தியாலம். இன்வேட்டர் குடிக்கிறதும் போக, 100 வோட் ஹீற்றர் மூண்டு மணித்தியாலம் ஓடும். ஒரு 60 பல்ப் மட்டும் என்டா அஞ்சு. அதால கறண்ட் போனா ஒண்டை மட்டும் எரியவிட்டு, மற்றச் சூட்டை குடத்துத் தண்ணியில எடுங்க.

படுவான்கரையான்

தரைக்கு வருவம். சீமெந்து மாரியில குளிர் ஏத்தும். முதல்ல வெட்டி விரிச்ச உரப்பை, கழுவிக் காய்ஞ்சது. அதுக்கு மேல உமி 3 அங்குலம். அதுக்கு மேல முதல் மூண்டு நாள் பத்திரிகைத் தாள்.

சம்மாந்துறை உமி

பத்திரிகைத் தாளில எனக்கு உடன்பாடில்ல. வழுக்கும். முதல் ரெண்டு நாளில கால் வழுக்குற குஞ்சுக்கு ரெண்டு காலும் பக்கவாட்டில பிரிஞ்சு போகும், பிறகு நிமிராது.

படுவான்கரையான்

காக்கா, சீமெந்தில நேரா விரிச்சாத்தான் அப்படி. 3 அங்குல உமிக்கு மேல போட்டா தாள் மெத்தை மாதிரி அமரும், கால் பிடிக்கும். தாளே இல்லாட்டி, தீவனம் எது உமி எது என்டு தெரியாம முதல் நாள் உமியை அள்ளித் தின்னும், இரைப்பை அடைக்கும்.

சம்மாந்துறை உமி

சரி, அப்ப கசக்கி விரிச்சுப் போடச் சொல்லுங்க. வழுவழு என்ட நிறத்தாள் மட்டும் வேண்டாம். நெளிநெளியாக் கிடக்குற அட்டைப்பெட்டி உள்தாள் கிடைச்சா அதுதான் திறம். நனைஞ்ச தாளை அண்டண்டைக்கு எடுக்கணும், நாலாம் நாள் முழுக்க எடுத்திரணும்.

கால் பிரிஞ்ச குஞ்சு ஒண்டு ரெண்டு இருந்தா, ஒட்டுப் பிளாஸ்ரரை மெல்லிய கீலமா வெட்டி, ரெண்டு காலையும் இயல்பா நிக்குற இடைவெளியில இணைச்சு ஒட்டுங்க. ரெண்டு மூண்டு நாள். முதல் ரெண்டு நாளுக்குள்ள செய்தாத்தான் நிமிரும்.

உமி வாங்குறப்ப மூட்டைக்குள்ள கையை விட்டுப் பாருங்க. ஆலைக்கு வெளியே குமிச்சுக் கிடக்குற உமி மாரியில மேல காய்ஞ்சும் உள்ள ஈரமாயும் இருக்கும், பூஞ்சை மணக்கும். அது குஞ்சின் நெஞ்சுக்குள்ள போகும். மரத்தூளும் வேண்டாம், பொடியைக் குஞ்சு தின்னும்.

திருக்கோவில் கோழிப்பண்ணை

குஞ்சு வாற நாள் பற்றி. பல்ப்பை முதல் நாளே போடுங்க, குறைஞ்சது 12 மணித்தியாலம். காத்து சுடவச்சாப் போதாது, உமியும் சுடவேணும். பெட்டியில இருந்து இறக்கின குஞ்சின் காலை உங்கட கன்னத்தில வச்சுப் பாருங்க. குளிர்ந்து கிடந்தா தரை சுடயில்ல.

வயித்துக்குள்ள மஞ்சட்கரு இருக்குறதால குஞ்சு ரெண்டு மூண்டு நாள் தீனியில்லாமத் தாங்கும். அதுதான் குருநாகல் பக்கத்தில பொரிச்சது பெட்டியில இஞ்ச வந்து சேருது. ஆனா தண்ணி இழக்கும். அதால முதல்ல தண்ணி. ஒரு லீற்றருக்கு 50 கிராம் சீனி, முதல் நேரத்துக்கு மட்டும். ஒவ்வொண்டா சொண்டை ஒருக்காத் தோய்ச்சு விடுங்க, மூக்குத் துளை நனையக்கூடாது. எல்லாம் குடிச்ச பிறகு, ரெண்டு மணித்தியாலம் கழிச்சு, தாளில தீவனம் தூவுங்க.

தண்ணிப்பாத்திரம் 2 லீற்றர் ரெண்டு. விளிம்புக் குழிக்குள்ள கூழாங்கல் போடுங்க, விழுந்து நனையாது. குடைக்குக் கீழ வைக்கக்கூடாது, தண்ணி சுடும். தட்டி ஓரத்திலயும் வைக்கக்கூடாது. ரெண்டுக்கும் நடுவில. நாலாம் நாள் தொடங்கி ஒரு செங்கல்லுக்கு மேல ஏத்துங்க, விளிம்பு குஞ்சின் முதுகு மட்டத்தில நிக்கவேணும். கீழ கிடந்தா உமியைக் கிளறி அதுக்குள்ள நிரப்பும்.

கரையோரக் கிணறுகளில ஒண்டு கவனிங்க. உப்புக் கரிக்குற தண்ணி குடிச்சா எச்சம் நீராப் போகும், உமி நனையும், ஆள் நோய் என்டு நினைச்சு மருந்து வாங்குவான். குஞ்சுக்கு நல்ல தண்ணி குடத்தில கொண்டுவந்தாவது குடுங்க, 50 குஞ்சு முதல் கிழமை நாளுக்கு ஒண்டு ரெண்டு லீற்றருக்கு மேல குடிக்காது.

தீவனம் குஞ்சு ஸ்ராட்டர், புரதம் 18இல இருந்து 20 வீதம். முதல் கிழமை 50க்கும் நாளுக்கு அரைக் கிலோ. ஆறு கிழமைக்குக் குஞ்சுக்கு ஒரு கிலோவுக்குக் கிட்ட முடியும், மொத்தமா 50 கிலோ கணக்கு வையுங்க. குறுணல் அரிசி முதல் நாள் தூவினா குத்தமில்ல, அதையே ஒரு கிழமை போட்டா இறகு வராது. ரெண்டு பக்கமும் தின்னக்கூடிய 2 அடித் தீவனத்தட்டு ஒண்டு, ஆளுக்கு ஒரு அங்குலம் வரும்.

நீலாவணைத் தோட்டம்

காய்ச்சல் பார்க்குற தெர்மோமீற்றர் வச்சுச் சூடு பார்க்கலாமா?

திருக்கோவில் கோழிப்பண்ணை

ஏலாது. அது 35இலதான் தொடங்குது, ஏறினது தானா இறங்கவும் மாட்டாது. சுவரில மாட்டுற சாதாரணது ஒண்டு வாங்குங்க. முதல் கிழமை குடை விளிம்பில 33இல இருந்து 35. ரெண்டாம் கிழமை 30. மூண்டாம் கிழமை 27. பிறகு இஞ்ச பல்ப் இரவுக்கு மட்டும், மழை விட்டா அதுவும் வேண்டாம். கச்சான் (தென்மேல் காத்து) வீசுற மாதங்களில வளர்க்குறவங்க அஞ்சாம் நாளில இருந்தே பகல்ல பல்ப்பை அணைக்கலாம். தகரக் கூரைக்குக் கீழ மத்தியானம் 35 தாண்டும். அந்த நேரம் கூரைக்கு மேல கிடுகு பரப்புறது பல்ப்பை விட முக்கியம்.

கருவி எதைக் காட்டினாலும் இரவு 10 மணிக்கும் விடியக் காலமும் குஞ்சைப் பாருங்க. குடைக்குக் கீழ குமிஞ்சு கீச்கீச்சென்டு விடாமக் கத்தினா குளிர். தட்டியோட ஒட்டி, சிறகை விரிச்சு வாயைத் திறந்தா சூடு கூட. எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினா மற்றப் பக்கத்தால காத்து வருது, பல்ப்பைத் தொடாதீங்க, படங்கைப் பாருங்க. பரவிக் கிடந்து, சில தின்ன, சில கழுத்தை நீட்டிப் படுத்திருந்தா கையை எடுங்க.

பின்பக்கம் எச்சம் காய்ஞ்சு ஒட்டி அடைச்சிருந்தா பிய்க்காதீங்க, தோலோட வரும். வெந்நீர்ப் பஞ்சால ஊறவச்சுத் துடையுங்க. ஒண்டு ரெண்டில இருந்தா சாதாரணம். பத்தில இருந்தா சூடு பிழை.

வாகரை 7

ஈர உமிக்கு சுண்ணாம்பு தூவுறது சரிதானே?

திருக்கோவில் கோழிப்பண்ணை

குஞ்சு உள்ள நிக்கேக்க தூவாதீங்க. எச்சத்தில இருக்குற அமோனியாவை அது இன்னும் கிளப்பும். ஈரக் கட்டியை அள்ளி எடுத்து, காய்ஞ்ச உமி போட்டு, மிச்சத்தை நாளுக்கு ஒருக்காக் கிளறுங்க. ஒரு பிடி எடுத்து இறுக்கினா லேசாச் சேர்ந்து கை விரிச்ச உடனே உதிரவேணும். உருண்டையா நிண்டா ஈரம் கூட. குஞ்சின் உயரத்துக்குக் குனிஞ்சு ஒரு நிமிசம் மூச்சு எடுத்துப் பாருங்க, நிண்டபடி மணந்தா தெரியாது. கண் எரிஞ்சா அதுகளுக்கு எப்பவோ எரியத் தொடங்கிற்று.

மூண்டாம் கிழமைக்குப் பிறகு எச்சத்தில இரத்தம் கண்டு, குஞ்சு இறகைத் தொங்கப்போட்டு ஒதுங்கினா அது கொக்சிடியோசிஸ், குடலில வாற ஒட்டுண்ணி நோய். ஈர உமியில பெருகுறது. அம்ப்ரோலியம் என்ட மருந்து குடுப்பாங்க, ஆனா அளவை மிருக வைத்தியரிட்டக் கேளுங்க. தீவனத்திலயே தடுப்பு மருந்து கலந்திருக்கா என்டு பையில வாசிச்சுச் சொல்லவேணும். நியூகாசில், கம்பரோ என்ட கோழி நோய்களுக்கான தடுப்பு மருந்துத் திகதியும் அங்கேயே குஞ்சு வாறதுக்கு முந்தி எழுதி எடுங்க. தண்ணியில குடுக்குற தடுப்பு மருந்தென்டா குளோரின் போட்ட குழாய்த் தண்ணி கூடாது, மருந்தில இருக்குற உயிர்க் கிருமி செத்துப்போகும். கலக்கினதை ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள குடிச்சு முடிக்கவேணும்.

படுவான்கரையான்

கம்பிவலை என்டு எழுதியிருந்தீங்க. கோழிவலை என்டா அறுகோணக் கண்ணுக்குள்ளால எலி வரும், சின்னப் பாம்பும் வரும். அரை அங்குலச் சதுரக் கண் வலைதான் வேணும். அரைச் சுவருக்கும் வலைக்கும் நடுவில இருக்குற இடைவெளியையும், கதவுக்குக் கீழயும் பாருங்க, கீரிக்கு அது காணும். எறும்புக்கு, தட்டிக்கு வெளியே சுத்தி நாலு விரல் அகலத்துக்குச் சாம்பல். மழைச்சாரல்ல சாம்பல் கட்டியாயிடும், திருப்பிப் போடவேணும். மண்ணெண்ணெய்யைத் தட்டியில பூசாதீங்க, பல்ப் பக்கத்தில இருக்கு.

நீலாவணைத் தோட்டம்

ஹாட்போட் நாளைக்கு வெட்டக் குடுக்குறன். கடைசிக் கேள்வி. பிறகு இதே தட்டிக்குள்ள காடைக் குஞ்சும் விடலாமா, ஒரே நேரத்தில?

சம்மாந்துறை உமி

ஒண்டா விடாதீங்க. காடைக்கு முதல் கிழமை 37 பாகை வேணும், கோழிக் குஞ்சு அதில வெந்துபோகும். மூட்டுக்குக் கீழ விரல் நுழையுற இடைவெளி இருந்தா காடை வெளியே போயிரும். இந்தத் தண்ணிப்பாத்திரமும் கூழாங்கல் போட்டாலும் அதுக்கு ஆழம், போத்தல் மூடியில கல்லு நிரப்பித்தான் குடுக்கணும். பொரிக்குற திகதியைத் தள்ளிப் போடுங்க.